பள்ளித் திண்ணை யாருக்குச் சொந்தம்?

ஊரின் நடுவே ஒரு திண்ணை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருகிறவர் எவரும் அதில் அமரலாம், வாடகை கிடையாது. குடிக்கத் தண்ணீரும் உண்டு, வெயிலுக்கு நிழலும் உண்டு. ஆனால் அத்திண்ணைக்கு உடையவன் ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு, யார் வந்தார், யாரோடு பேசினார், எதைக் கேட்டுச் சிரித்தார், எதைக் கேட்டு முகம் வாடினார் என்றெல்லாம் நாள் தவறாமல் குறித்து வருகிறான். அந்த ஏட்டைக் கொண்டு, இன்னாரிடம் இன்ன சரக்கு விலைபோகும் என்று கடைக்காரர்களுக்கு யோசனை சொல்லிப் பொருள் ஈட்டுகிறான். இதை அறிந்த பின்னும் அத்திண்ணையில் நாம் அமர்வோமா? நாம் அமர்ந்தாலும், நம் வீட்டுச் சிறு பிள்ளையைக் கொண்டுபோய் அமர்த்துவோமா?

இக்காலத்தின் திண்ணை சமூக வலைத்தளம். வளர்ந்தவர்கள் தெரிந்தே அங்குச் செல்கிறார்கள். அது அவரவர் விருப்பம். நானும் செல்கிறவன்தான். ஆனால் பள்ளிக்கூடத்தின் நிலை வேறு. பள்ளி தன் மாணவர்கள் கூடிப் பேசுவதற்கும், ஐயம் கேட்பதற்கும், வரைந்த படத்தையும் எழுதிய கவிதையையும் ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வதற்கும் ஓர் இடம் வேண்டுமென்று கருதினால், அந்த இடம் பள்ளிக்கே சொந்தமாக இருத்தல் வேண்டும். அதற்குரிய மென்பொருள் யாவரும் திறந்து பார்க்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். அதைப் பேணிக் காக்க ஆளும் இருத்தல் வேண்டும். இம்மூன்றில் கடைசி ஒன்று இல்லையேல் முதல் இரண்டும் வீண். அந்தக் கடைசி ஒன்றில்தான் நம்மைப் போன்ற பல்கலைக்கழக மாணவர்களுக்கு வேலை இருக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது.

நம் மன்றத்துத் தோழர்கள் சிலரைப் போல நானும் ஞாயிறுதோறும் இந்நகரத்துப் பள்ளி ஒன்றின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அங்கே எட்டாம் வகுப்புக்கென்று ஒரு வாட்ஸாப் குழு உண்டு. வீட்டுப்பாடமும் அதில்தான், விடுமுறை அறிவிப்பும் அதில்தான். ஒரு நாள் தேர்வு மதிப்பெண் பட்டியல் முழுவதையும் படமெடுத்து அதில் இட்டுவிட்டார்கள். கடைசியில் பெயர் வந்த பையன் அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. மற்றொரு மாணவியின் தாயார் என்னிடம் சொன்னார்: “தம்பி, அந்தக் குழுவிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டு யார் யாரோ கூப்பிடுகிறார்கள். விலகிவிடலாம் என்றால் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் தெரியாமல் போகும். என்ன செய்வது?” நான் ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது குடும்பங்களுக்கு ஒரே நேரத்தில் செய்தி சொல்ல அவர் கையில் கிடைத்த கருவி அது ஒன்றுதான்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வாட்ஸாப்பில் அனுப்பும் செய்தி உறையிட்டு ஒட்டிய கடிதம் போன்றது. இடையில் இருப்பவர் அதைப் படிக்க இயலாது. எனினும் உறையின் மேல் எழுதியிருப்பது தெரியும் அன்றோ? யார் யாருக்கு எழுதுகிறார், எப்போது எழுதுகிறார், எந்தக் குழுவில் இருக்கிறார் என்பவை அந்நிறுவனத்துக்குத் தெரியும். குழுவில் உள்ளவர்களுக்கோ ஒருவர் தொலைபேசி எண் மற்றவருக்குத் தெரிகிறது. நண்பர் கூட்டத்துக்கு இது போதும். அறுபது சிறுவர் சிறுமியர் அடங்கிய வகுப்புக்குப் போதாது.

“விருப்பமில்லையேல் சேர வேண்டாம்” என்று சொல்லிவிடலாமே என்பார் உளர். இங்கேதான் வேற்றுமை இருக்கிறது. திரைப்படம் பார்ப்பதும் பாராததும் நம் விருப்பம். பள்ளிக்குப் போவது பிள்ளையின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. பள்ளி எந்தக் கருவியைக் கொடுக்கிறதோ அதைத்தான் அது ஏற்க வேண்டும். மறுக்கும் வலிமை அதற்கு இல்லை. மறுக்க இயலாதவரிடம் பெறும் சம்மதம் சம்மதமாகுமா?

எட்மோடோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். 2008-இல் தோன்றிய அது, பள்ளிகளுக்கென்றே அமைந்த சமூக வலைத்தளம். பார்வைக்குப் பேஸ்புக் போலவே இருக்கும், கட்டணம் கிடையாது, உலகெங்கும் ஆசிரியர்கள் அதை விரும்பி ஏற்றனர். 2017-இல் அதன் கணக்கு விவரங்கள் 7 கோடிக்கு மேல் களவு போயின. 2022 செப்டம்பரில் நிறுவனம் அத்தளத்தை மூடிவிட்டது. ஆண்டுக்கணக்கில் அங்கே பாடக் குறிப்புகளைச் சேர்த்து வைத்த ஆசிரியர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2023-இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், பெற்றோரின் உரிய சம்மதமின்றிச் சிறுவர்களின் விவரங்களைத் திரட்டியதாகவும், அவற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாகவும், சம்மதம் பெறும் பொறுப்பைப் பள்ளிகளின் தலையில் கட்டியதாகவும் அந்நிறுவனத்தின்மீது குற்றம் சாட்டியது. 60 லட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது; ஆனால் செலுத்தப் பணமில்லை என்ற காரணத்தால் அது நிறுத்தி வைக்கப்பட்டது. திண்ணையும் போயிற்று, ஏடும் போயிற்று, தண்டமும் வரவில்லை! இலவசமாகக் கிடைத்த இடத்தின் முடிவு இது.

நம் நாட்டுச் சட்டம் இதில் வாய்மூடி இருக்கவில்லை. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் என்பது அரசியல் சாசனம் காக்கும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வழக்குத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி. பின்னர் 2023-இல் நாடாளுமன்றம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பதினெட்டு வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே அச்சட்டம் கொள்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஆனால் சட்டம் வேலி மட்டுமே. வேலிக்குள் பயிரிடுவது நம் கடன்.

அந்தப் பயிர் எது என்று பார்ப்போம். திறந்த மூல மென்பொருள் என்ற சொல்லை நம்மில் பலர் கேட்டிருப்போம். சமையல் குறிப்பை மறைத்து வைத்துக்கொண்டு பலகாரத்தை மட்டும் விற்பது ஒரு முறை. குறிப்பையே எழுதிக் கொடுத்து, “நீங்களே செய்துகொள்ளுங்கள், காரம் குறைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்” என்பது இன்னொரு முறை. இரண்டாவதே திறந்த மூலம். இதில் விலை இல்லாமை சிறு நன்மை. பெரு நன்மை, உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தவர் எவரும் திறந்து பார்க்கலாம் என்பது. நம்மை வேவு பார்க்கும் வரி ஒன்று அதில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கலாம், நீக்கலாம். நடத்தியவர் கடையைச் சாத்தினாலும் குறிப்பு நம்மிடம் இருக்கும். அடுப்பை மாற்றிக்கொண்டு தொடரலாம்.

பள்ளிகளுக்குப் பொருந்துவன எவை? முதலாவது மூடுல். ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியமாஸ் தொடங்கி, 2002-இல் முதற் பதிப்பாக வெளிவந்தது. நம்மில் பலர் கல்லூரியில் வீட்டுப்பாடம் ஒப்படைக்க அதைப் பயன்படுத்தியிருப்போம். அதில் கலந்துரையாடல் அரங்கு உண்டு, ஆசிரியருக்குத் தனியே எழுதும் வசதி உண்டு. மதிப்பெண்ணை அவரவர் மட்டுமே காண்பர். முன்னே சொன்ன பையனுக்கு நேர்ந்தது அங்கே நேர வழியில்லை. தொலைபேசி எண்ணும் வேண்டியதில்லை. ஆசிரியர் கொடுக்கும் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் போதும்.

இரண்டாவது எல்க். எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்த இருவர் 2004-இல் கல்விக்கென்றே உருவாக்கியது. அதே ஆண்டில்தான் ஹார்வர்டில் பேஸ்புக்கும் பிறந்தது. இரண்டின் வழியும் வெவ்வேறாகப் போயிற்று. எல்க்கில் மாணவர் தமக்கென ஒரு பக்கம் அமைக்கலாம், குழு சேரலாம், எழுதலாம். எழுதும் ஒவ்வொன்றையும் யார் பார்க்கலாம் என்று எழுதியவரே முடிவு செய்யலாம். “இது என் ஆசிரியருக்கு மட்டும்”, “இது என் குழுவுக்கு மட்டும்” என்று பிரித்துவைக்கும் பழக்கம் சிறு வயதிலேயே கைவருவது நல்லதன்றோ?

உடனுக்குடன் பேசிக்கொள்ள மேட்ரிக்ஸ் என்பது இருக்கிறது. அதில் சேரத் தொலைபேசி எண் தேவையில்லை. செய்தியை உறையிட்டு ஒட்டும் வசதியும் உண்டு. பிரெஞ்சு சர்க்கார் தன் ஊழியர்கள் பேசிக்கொள்ள 2019-இல் தொடங்கிய ‘சாப்’ என்ற செயலி இதன்மேல் கட்டப்பட்டதே. இனி மாஸ்டடான்: 2016-இல் ஜெர்மனியில் தோன்றியது. ஒரே நிறுவனத்தின் ஒரே மாளிகையாக இல்லாமல், ஆயிரக்கணக்கான சிறு வீடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது போன்ற அமைப்பு. விளம்பரம் கிடையாது. வேண்டுமானால் நாம் பெயர் குறித்த சில வீடுகளோடு மட்டும் பேசும்படி கதவை அமைத்துக்கொள்ளலாம். ஐந்து பள்ளிகள் தமக்குள் மட்டும் பேசிக்கொள்ள இது ஏற்றது. ஆயினும் இதை மேல் வகுப்பினருக்கும் கல்லூரியினருக்கும் வைத்துக்கொண்டு, சிறு வகுப்புக்கு மூடுலோடு நிறுத்துவதே என் யோசனை. பொதுவெளியில் பேசும் பக்குவம் வயதோடு வருவது.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். நம் அண்டை மாநிலமான கேரளம் 2001-இல் தொடங்கிய கல்வித் திட்டத்தின் வழியே, அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடத்தைக் கட்டற்ற மென்பொருளின்மேல் அமைத்துக்கொண்டது. பள்ளி விக்கி என்ற பெயரில் 15,000-க்கு மேற்பட்ட பள்ளிகள் தத்தம் வரலாற்றையும் செயல்களையும் மலையாளத்தில் எழுதி வைக்கின்றன. விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மென்பொருளே அதையும் இயக்குகிறது. 2018 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற சங்கங்களில் சேர்த்துக் கணினியைப் பேணக் கற்பிக்கிறார்கள். கருவியை வாங்கிக் கொடுத்ததோடு நில்லாமல், பேணுவோரையும் உருவாக்கினார்கள். அவர்கள் வெற்றியின் மர்மம் அதுவே என்று நான் கருதுகிறேன்.

தமிழ் மன்றத்துப் பத்திரிகையில் தமிழைப் பற்றியும் ஒரு சொல். ஒரு நிறுவனத்தின் தளம் தமிழில் வேண்டுமென்றால் அந்நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இலாபம் உண்டென்று தோன்றினால் தருவார்கள். திறந்த மூலத்தில் விண்ணப்பம் தேவையில்லை. நாமே மொழிபெயர்த்துச் சேர்க்கலாம். மூடுலுக்குத் தமிழ் உண்டு. பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்றவற்றுக்குத் தமிழ் தந்தவர்களில் ஊதியம் பெறாத ஆர்வலர்கள் பலர். இத்தலைநகரில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசி வளரும் பிள்ளைக்கு, தன் வகுப்பின் பக்கத்தைத் திறந்ததும் ‘வருக’ என்ற சொல் தமிழில் தெரிவது சிறிய செய்தியா?

இனி மறுப்புகளைக் காண்போம். “எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?” என்பது முதல் மறுப்பு. மறைக்கத் தகாதது எதுவும் இல்லாதவன்தான் குளியலறைக் கதவையும் சாத்துகிறான். பன்னிரண்டு வயதில் ஒருவன் எழுதிய அசட்டுப் பேச்சும், வாங்கிய குறைந்த மதிப்பெண்ணும், ஆசிரியர் எழுதிய கடிந்துரையும் அவன் இருபத்தைந்து வயதில் வேலை தேடும்போது பின்தொடர வேண்டுமா? மறந்து போகும் உரிமை குழந்தைப் பருவத்தின் உரிமை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. “பெரிய நிறுவனத்தில் பாதுகாப்புக்கென்றே நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் இருக்கிறார்கள். பள்ளியின் மூலையில் கிடக்கும் கணினியை யார் காப்பார்?” இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மத்திய சர்க்காரின் கல்வித் தளமான ‘தீட்சா’ 2017-இல் தொடங்கியது. அது திறந்த மூலத்தின்மேல் கட்டப்பட்டதே. ஆயினும் அதன் தகவல் வைத்திருந்த சேமிப்பகம் ஒன்று பூட்டின்றிக் கிடந்தது என்றும், 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்களும் ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்களும் வெளியே தெரியும்படி இருந்தன என்றும் 2023 ஜனவரியில் செய்தி வெளியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில், 49 நாடுகளின் கல்வித் தளங்களை ஆராய்ந்த மனித உரிமைக் கண்காணிப்பகம், பத்தில் ஏறத்தாழ ஒன்பது தளங்கள் பிள்ளைகளின் அந்தரங்கத்துக்கு ஊறு செய்யும் வகையில் நடந்துகொள்வதாக அறிவித்தது. சர்க்கார்கள் நடத்தியனவும் அவற்றுள் அடக்கம். ஆகவே குறிப்பு திறந்திருந்தால் மட்டும் போதாது. அடுக்களையும் சுத்தமாக இருக்க வேண்டும். திறந்த மூலம் என்ற பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு, பழைய பதிப்பை ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காமல் விட்ட கணினி, பெரிய நிறுவனத்தின் திண்ணையைவிட ஆபத்தானது. இதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு விடை இரண்டு. ஒன்று, குறைவாகச் சேர்த்தல். இல்லாத பொருளை எந்தக் கள்வனும் கொண்டுபோக முடியாது. பிறந்த நாள், ஆதார் எண், தந்தையின் வருமானம், சாதி, வீட்டு முகவரி ஆகிய எதுவும் பேசும் இடத்துக்கு வேண்டியதில்லை. பெயரும் வகுப்பும் போதும். ஆண்டு முடிவில் பழைய பேச்சுகளை அழித்துவிடலாம். பிள்ளை வேண்டுவதை மட்டும் தன்னோடு எடுத்துக்கொண்டு போகட்டும்.

மற்றொன்று, காவலர். இங்கே நம்மைப் போன்ற மாணவர்களின் அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2010-இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் நால்வர், பேஸ்புக்குக்கு மாற்றாக டையஸ்போரா என்ற திறந்த மூல வலைத்தளத்தை அமைக்கப் போவதாக அறிவித்துப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டனர். பத்தாயிரம் டாலர் கேட்டவர்களுக்கு இரண்டு லட்சம் டாலர் குவிந்தது. ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டே ஆண்டில், 2012-இல், அவர்கள் அதைத் தொண்டர் கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டு விலகினர். தொண்டர்கள் கையில் அது தொடர்ந்து நடைபெற்று வந்தது. தொடங்கியவரின் உற்சாகத்தால் வாழாத ஒன்று, பேணியவரின் பொறுமையால் வாழ்ந்தது. மாணவர் கூட்டம் எப்போதும் ஓடும் ஆறு; இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு, பிறகு ஊர் திரும்புகிறோம். நாம் அமைத்த கணினியைக் கேட்பாரற்று விட்டுச் சென்றால், அந்தப் பள்ளிக்கு நன்மை செய்யப் போய்த் தீமை செய்தவர் ஆவோம்.

எனவே நம் மன்றத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். அதை இப்போதே தோழர்கள் முன் வைக்கிறேன். நாம் ஞாயிறுதோறும் செல்லும் பள்ளிகளில் ஒன்றே ஒன்றை, அதன் தலைமையாசிரியரும் பெற்றோரும் இசைந்தால், எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு ஒன்றுக்கு மட்டும் மூடுலை அமைத்துத் தருவோம். சர்வர் வாடகையை மன்றத்தின் சந்தாவிலிருந்து கொடுப்போம். ஆனால் சாவி பள்ளியின் பெயரிலேயே இருக்கட்டும். மூவர் பொறுப்பேற்க வேண்டும்: ஒருவர் முதலாண்டு மாணவர், ஒருவர் இரண்டாமாண்டு, ஒருவர் விடைபெறும் ஆண்டு. நம் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பு எப்படி ஆண்டுதோறும் கைமாறுகிறதோ அப்படியே இதுவும் கைமாற வேண்டும். வாரம் ஒரு முறை புதுப்பிப்பதும், பிரதி எடுத்து வைப்பதும், அப்பிரதியைத் திறந்து பார்த்துச் சோதிப்பதும் அவர்கள் வேலை. அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவருக்கும், ஆர்வமுள்ள மாணவர் இருவருக்கும் இதையெல்லாம் கற்றுக் கொடுப்பதே அவர்களின் முதற் கடமை.

தீர்மானத்தில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன். மார்ச்சு மாதத்துக்குள் அடுத்த ஆண்டுக்கு மூவர் கிடைக்கவில்லையென்றால், பள்ளிக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, பிள்ளைகளின் எழுத்தை அவர்களிடம் ஒப்படைத்து, தளத்தை மூடிவிட்டு, எல்லா விவரங்களையும் அழித்துவிடுவோம். தொடங்குவதற்கு முன்பே முடிப்பது எப்படி என்று எழுதி வைப்பது அபசகுனம் என்று சிலர் நினைக்கலாம். எட்மோடோவில் பாடக் குறிப்பைச் சேர்த்து வைத்த ஆசிரியர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

இதற்கு எதிராகப் பேச விரும்புவோரும் கூட்டத்துக்கு வர வேண்டுகிறேன். அந்தப் பொறுப்புக்கு வேண்டிய மூவரில் ஒருவராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். நான் விடைபெறும் ஆண்டு மாணவன். ஆகவே எனக்குப் பின் வரும் இருவரின் பெயர்களே இத்தீர்மானத்துக்கு முதலில் வேண்டும்.